மருந்துச் சீட்டும் மருந்தின் விலையும்

திருக்குறளில் 'மருந்து' என்றோர் அதிகாரம் உண்டு. மருத்துவம் நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் அங்கே வகுத்துரைக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து மருந்தைக் கொடுத்துப் பேணுபவர் என்பனவே அந்நான்கு. நம் காலத்தில் இவற்றோடு ஐந்தாவது உறுப்பொன்றும் வந்து சேர்ந்துகொண்டது. அதுவே மருந்தின் விலை. நோயாளி இருக்கிறார், நல்ல டாக்டரும் இருக்கிறார், மருந்து கடையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, வீட்டில் கவனித்துக்கொள்ளவும் ஆள் உண்டு. ஆயினும் ஒரு மாதத்துக்கு எழுதிய மாத்திரையில் பத்து நாளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களை எந்த ஊர் மருந்துக் கடையிலும் காணலாம். நான்கு உறுப்புகளும் சரியாக அமைந்தும் ஐந்தாவது ஒன்று அவர்களைத் தடுத்து நிறுத்துகிறது.

இந்த ஐந்தாவது உறுப்பு எவ்வாறு வந்தது? அதன் சுமையைக் குறைக்க நம் நாட்டார் செய்த முயற்சிகள் யாவை? இவ்வரலாற்றைச் சித்தூர், திருப்பதிச் சீமையை நடுவில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று அந்நாளைய சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சேர்த்து அதை உருவாக்கினார்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது அம்மாநிலத்தோடு சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. கோடுகள் இவ்வாறு மாறின. நோயாளிகள் செல்லும் பாதை மாத்திரம் மாறவில்லை. சித்தூர்க்காரர் வேலூருக்குப் போகிறார்; திருப்பதிக்காரர் சென்னைக்குப் போகிறார்; எல்லைக்கு இப்புறத்து மக்கள் திருப்பதிக்கு வருகிறார்கள். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இந்த நிலை புதிதன்று.

முதலில் பழங்காலத்தை ஒருமுறை நோக்குவோம். காஞ்சிபுரத்தை அடுத்து, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச் சாலையும் 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையும் நடந்தன என்று அது தெரிவிக்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், பணிவிடை செய்யும் பெண்கள் ஆகிய ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. அதனினும் வியப்பானது, ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல். தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று ஏறத்தாழ இருபது மருந்துகள் பெயர் சொல்லிக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன.

இந்த ஏற்பாடு ஊரார் அனைவருக்கும் உரியதாக இருக்கவில்லை. கோயிலைச் சார்ந்த பணியாளர்களும் மாணவர்களும் பயன்பெறுவதற்காக அமைந்தது. எனினும் அதிலுள்ள முறை கருதத்தக்கது. எந்தெந்த மருந்து தேவை என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள். அதற்கு வேண்டிய செலவை அறக்கட்டளையிலிருந்து ஒதுக்கினார்கள். மருந்துகளை அவற்றின் சொந்தப் பெயராலேயே குறித்தார்கள். இம்மூன்று கருத்துகளும் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் வேறு உருவில் திரும்பி வந்ததை இனிக் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நம் ஊர்களில் இருந்த டாக்டர் அறையைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன்னறையில் பெஞ்சு, உள்ளே டாக்டர், பக்கத்துச் சிற்றறையில் கம்பவுண்டர். நோயாளி வீட்டிலிருந்து புட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு வருவார். கம்பவுண்டர் பெரிய சீசாக்களிலிருந்து அளந்து ஊற்றி, மிக்ஸ்சர் கலந்து, வேளைக்கு இவ்வளவு என்று காட்டும் வெட்டுக் காகிதத்தைப் புட்டியின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். டாக்டருக்குக் கொடுக்கும் தொகையிலேயே மருந்தின் விலையும் அடங்கிவிடும். அந்த மருந்துகளில் பல நோயின் வேரைத் தொடாதவை என்பது உண்மைதான். ஆனால் மருந்து கொடுப்பவரும் விலை சொல்பவரும் ஒருவராகவே இருந்தமையால், நோயாளியின் மடியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தே மருந்து கலக்கப்பட்டது.

1935க்குப் பின் சல்பா மருந்துகளும், இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பெனிசிலினும் வந்தன. இவை கம்பவுண்டரின் அறையில் கலக்கக் கூடியவை அல்ல. தொழிற்சாலையில் செய்து, அடைத்து, பெயரிட்டு அனுப்பப்படுபவை. மருந்து கலந்து கொடுக்கும் தொழிலை முறைப்படுத்த 1948இல் மருந்தாளுநர் சட்டமும் இயற்றப்பட்டது. மெல்ல மெல்லக் கம்பவுண்டரின் அறை சுருங்கியது. தெருமுனையில் மருந்துக் கடை வளர்ந்தது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக ஒரு துண்டுக் காகிதம் வந்தது. எழுதுபவர் ஒருவர், விற்பவர் வேறொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர். ஐந்தாவது உறுப்பு தனியாகத் தலை தூக்கியது இவ்விடத்தில்தான்.

இம்மாற்றத்தின் மிகப் பெரிய சோதனை காசநோயில் நடந்தது. அதன் வரலாறு சித்தூர் மாவட்டத்தில் தொடங்குகிறது.

2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்படும் வரை மதனப்பள்ளி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இரண்டாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த மேட்டுநிலம், வறண்ட காற்று. டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் என்பவர் பல மிஷன்களின் கூட்டு உதவியோடு 1912இல் அங்கே காசநோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கினார். 1915இல் ஊருக்கு வெளியே ஆரோக்கியவரம் என்னும் பெயரில் சானட்டோரியம் நிலைபெற்றது. காசநோயைக் கொல்லும் மருந்து அந்நாளில் உலகில் எங்கும் இல்லை. தூய காற்று, முழு ஓய்வு, பாலும் முட்டையுமான உணவு, தேவைப்பட்டால் நுரையீரலை ஓய்வுறச் செய்யும் அறுவைச் சிகிச்சை ஆகியவையே வைத்தியம். மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டும். கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பவர் மாதக்கணக்கில் படுத்திருப்பது எங்ஙனம்? இலட்சக்கணக்கான நோயாளிகள் இருந்த நாட்டில் சானட்டோரியப் படுக்கைகள் சில ஆயிரங்களே இருந்தன. மற்றவர்கள் வீட்டுத் திண்ணையில் இருமியபடி இறந்தார்கள்.

மதனப்பள்ளியில் சிகிச்சை தொடங்கிய அதே 1912ஆம் ஆண்டில், பிராகு நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேயர், மாலி என்னும் இரு இரசாயன அறிஞர் ஒரு புதுப் பொருளைச் செய்து, அதன் விவரத்தை வெளியிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டனர். அது எதற்குப் பயன்படும் என்று எவரும் சோதிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1952இல், மூன்று பெரிய மருந்துக் கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அப்பொருள் காசநோய்க் கிருமியை அழிக்கும் என்று கண்டன. அதுவே ஐசோநயாசிட். பொருள் முன்னரே அறிவிக்கப்பட்டுவிட்டபடியால் அதன்மீது எந்தக் கம்பெனியும் தனியுரிமை கோர இயலவில்லை. பலரும் செய்தார்கள், விலை இறங்கியது. உலகின் மிகப் பயனுள்ள மருந்துகளுள் ஒன்று மிக மலிவான மருந்துகளுள் ஒன்றாகவும் அமைந்தது இவ்வாறுதான்.

மலிவான மருந்து கிடைத்தது. ஆனால் அதைச் சானட்டோரியத்தில் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டுமா? இக்கேள்விக்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் பங்கு கொண்டன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை ஏற்றார். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறு சானட்டோரியத்தில். மற்றொரு கூறு தம் சொந்த வீட்டில். இருவகையினருக்கும் ஐசோநயாசிடும் பி.ஏ.எஸ். என்னும் மருந்தும் ஓராண்டுக்குத் தரப்பட்டன.

வீட்டில் இருந்தவர்களின் உணவு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் போதாது. எனினும் ஆண்டின் முடிவில் சானட்டோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேரும், வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேரும் கிருமி அடங்கிய நிலையை அடைந்திருந்தார்கள். நோயாளியோடு வீட்டில் வாழ்ந்த மனைவி மக்களுக்கு அதனால் நோய் மிகுதியாகப் பற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது. படுக்கை இல்லாமற் போனதால் சாக வேண்டியதில்லை; சரியான மருந்தை, விடாமல், உரிய காலம் வரை உட்கொண்டால் போதும் என்பது நிறுவப்பட்டது. 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் இதன் மீதே எழுந்தது. ஆரோக்கியவரமும் பின்னாளில் பொது மருத்துவமனையாக மாறியது.

ஐசோநயாசிட் மலிவாக இருந்தது தற்செயல். ஏனைய மருந்துகளின் நிலை என்ன? அதே 1959ஆம் ஆண்டில் வேறோர் அறிக்கை வெளிவந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய இராஜகோபால ஐயங்கார் காப்புரிமைச் சட்டத்தைப் பற்றி மத்திய அரசுக்கு அளித்த அறிக்கை அது. அப்போது நடைமுறையில் இருந்தது, சித்தூர் மாவட்டம் பிறந்த 1911ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரிட்டிஷ் காலச் சட்டம். இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டார் கையில் இருக்கின்றன என்றும், அவற்றில் பெரும்பகுதி இந்நாட்டில் உற்பத்திக்குப் பயன்படுத்தப்படவே இல்லை என்றும் ஐயங்கார் எடுத்துக் காட்டினார். மருந்து விலை மிக உயர்ந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவும் 1961இல் கூறிற்று. ஏழை நாடு, உயர்ந்த விலை!

ஐயங்காரின் அறிக்கையைத் தழுவி 1970இல் புதிய காப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை உண்டு. மருந்துக்கே உரிமை இல்லை என்பது அதன் சாரம். ஒருவர் ஒரு வழியில் செய்தால் மற்றொருவர் வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம். பொதுத்துறையில் பிம்பிரியில் ஆன்டிபயாடிக் ஆலையும், ஹைதராபாத்தில் செயற்கை மருந்து ஆலையும் ஏற்கெனவே தோன்றியிருந்தன. தனியார் ஆலைகளும் பெருகின. 1970இல் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. 1979ஆம் ஆண்டின் ஆணை 347 மருந்துகளின் விலையைக் கட்டுப்படுத்தியது. 1987இல் அவ்வெண்ணிக்கை 142 ஆகவும், 1995இல் 74 ஆகவும் சுருங்கியது. 2013இலிருந்து அத்தியாவசிய மருந்துப் பட்டியலை அடிப்படையாகக் கொண்டு உச்ச விலை விதிக்கப்படுகிறது.

அடுத்த படி தமிழகத்தில் நிகழ்ந்தது. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளைப் பட்டியலிட்டு, பொதுப்பெயராலேயே டெண்டர் கோரி, மாநிலம் முழுமைக்கும் ஒருசேர வாங்குவது அதன் வேலை. வந்த சரக்கிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். மாவட்டந்தோறும் கிடங்கு, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம். திருமுக்கூடல் கல்வெட்டில் கண்ட மூன்று கருத்துகளும் இங்கே மீண்டும் வந்தன. முன்கூட்டிய பட்டியல், பொதுப் பணத்தில் செலவு, மருந்தின் சொந்தப் பெயர். இம்முறையைப் பின்னர் கேரளமும் இராஜஸ்தானும் தத்தம் வழியில் மேற்கொண்டன. ஆந்திரத்திலும் அரசு மருந்துக் கொள்முதலுக்கென்று ஒரு கழகம் இயங்குகிறது. திருப்பதியில் 1960இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா அரசு மருத்துவமனைக்கு வரும் ஏழை நோயாளி இலவசமாக மருந்து பெறுவது இத்தகைய ஏற்பாட்டினால்தான்.

ஆனால் அரசு மருத்துவமனையின் வாயிலைத் தாண்டி, ஊர் டாக்டரின் அறைக்கு வந்தால் நிலை வேறு. அங்கே ஆட்சி செய்வது மருந்துச் சீட்டு. ஒரே மருந்துக்குப் பல கம்பெனிகள் பல பெயர் சூட்டியிருக்கின்றன. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று, மேலே எழுதிய பெயர் வேறு, விலையும் வேறு. டாக்டர் எந்தப் பெயரை எழுதுகிறாரோ அந்தப் பெயருக்குரிய விலையை நோயாளி கொடுக்கிறார். இதனால்தான் கம்பெனிகளின் பிரதிநிதிகள் பையைத் தூக்கிக்கொண்டு நோயாளியைத் தேடிப் போவதில்லை. டாக்டரின் வாயிலில் காத்திருக்கிறார்கள்.

ஒரு மருத்துவ நிலையத்தில் மருந்து எழுதும் வழக்கத்தை மதிப்பிட 1993இல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து கேள்விகளை வகுத்தது. ஒரு நோயாளிக்குச் சராசரியாக எத்தனை மருந்து எழுதப்படுகிறது? எத்தனை பேருக்கு ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது? எத்தனை பேருக்கு ஊசி போடப்படுகிறது? எவ்வளவு பொதுப்பெயரில் எழுதப்படுகிறது? எவ்வளவு அத்தியாவசியப் பட்டியலிலிருந்து எழுதப்படுகிறது? இவ்வைந்தும் மருத்துவத்தின் தரத்தை அளக்கும் கேள்விகள். ஒவ்வொன்றும் செலவையும் அளந்துவிடுகிறது. சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை. வாயால் விழுங்கக்கூடியவருக்கு ஊசி தேவையில்லை. தேவையற்ற மருந்தைச் சீட்டிலிருந்து நீக்குவதைக் காட்டிலும் சிறந்த சிக்கனம் கிடையாது.

இதற்கு டாக்டரை மட்டும் குறை சொல்லுதல் முறையன்று. ஊசி போடாவிட்டால் வைத்தியமே நடக்கவில்லை என்று எண்ணும் நோயாளிகளும் உண்டு. மலிவான மருந்து தரமானதுதானா என்று டாக்டர்கள் ஐயுறுவதும் ஆதாரமற்றதன்று. தரமற்ற சரக்கு பிடிபடும் செய்திகள் வந்த வண்ணம் இருக்கின்றன. பெயர்பெற்ற கம்பெனியின் பெயரை எழுதினால் பொறுப்பு அக்கம்பெனியைச் சேரும் என்பது அவர்கள் வாதம். இதற்கு விடை, வாங்கும் மருந்தைச் சோதிப்பதே அன்றி, பெயருக்கு விலை கொடுப்பதன்று. சோதித்து வாங்கினால் மலிவும் தரமும் ஒன்றாக இருக்க முடியும் என்பதே தமிழ்நாட்டுக் கழகம் காட்டிய பாடம்.

இயன்றவரை பொதுப்பெயரில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் விதி செய்தது. 2016இல் அவ்விதி இறுக்கப்பட்டு, எழுத்துத் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இதைக் கட்டாயமாக்கிப் புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது; டாக்டர்களின் எதிர்ப்பினால் அதே மாதத்தில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மறுபுறம், பொதுப்பெயர் மருந்துகளை விற்க 2008இல் அமிர்தசரசில் தொடங்கிய மக்கள் மருந்தகம் நாடெங்கும் கிளைத்து, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 15,000 கடைகளை எட்டியது.

நாட்டின் மருத்துவச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்தது 2013-14இல் நூற்றுக்கு 64.2 பங்கு, 2021-22இல் 39.4 பங்கு என்று அரசின் கணக்கு கூறுகிறது. சுமை குறைந்திருக்கிறது, ஆயினும் நூற்றில் நாற்பது பங்கு என்பது நோயுற்ற குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் வாழ்நாள் முழுவதும் மருந்து வேண்டும். அவர்களுக்கு மருந்தின் விலை வீட்டு வாடகையைப் போல் மாதந்தோறும் வந்து நிற்கிறது.

காப்புரிமையின் கதையும் முடிந்துவிடவில்லை. உலக வர்த்தக ஒப்பந்தத்தின்படி 2005இல் இந்தியா மருந்துக்கே உரிமை தரும் முறைக்குத் திரும்பியது. மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குக் கொடுக்கப்படும் பெடாகுவிலின் என்னும் மருந்தின் உரிமையை 2023க்குப் பின்னும் நீட்டிக்கக் கம்பெனி முயன்றது. அந்நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள், ஒருவர் மும்பையிலும் மற்றவர் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்பவர்கள், அதை எதிர்த்து மனுச் செய்தார்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் விண்ணப்பத்தைத் தள்ளியது. மற்ற ஆலைகளும் அம்மருந்தைச் செய்ய வழி பிறந்தது. 1952இல் தற்செயலாகக் கிடைத்த நன்மையை 2023இல் வாதாடிப் பெற வேண்டியதாயிற்று.

வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. கம்பெனி சூட்டிய பெயர் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். மருந்தின் சொந்தப் பெயர் சித்தூரிலும் வேலூரிலும் பம்பாயிலும் டில்லியிலும் ஒன்றே. அது அட்டையின் மீது கட்டாயம் அச்சிடப்பட்டிருக்கும். திருப்பதி டாக்டர் ஒரு பெயரில் எழுதியதை வேலூர் டாக்டர் வேறொரு பெயரில் எழுத, இரண்டும் ஒரே மருந்து என்று அறியாமல் இரட்டிப்பு அளவு உட்கொள்ளும் ஆபத்து பணச் செலவிலும் பெரிது. ஆகவே வீட்டில் நாள்தோறும் மருந்து உட்கொள்பவர் இருந்தால், ஒவ்வொரு மருந்தின் சொந்தப் பெயரையும் அளவையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் டாக்டரிடம் போனாலும் அத்தாளை முதலில் காட்டுங்கள். இவற்றில் எது இன்றியமையாதது, எதை நிறுத்தலாம், இதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்று பணிவோடு கேளுங்கள். டாக்டரைக் கேளாமல் நீங்களாக எதையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். நல்ல டாக்டர் இக்கேள்வியால் மனம் வருந்தமாட்டார். நோயாளி பத்து நாள் மருந்தோடு நின்றுவிடுவதைக் காட்டிலும், விலை குறைந்த மருந்தை மாதம் முழுவதும் உட்கொள்வதையே அவரும் விரும்புவார்.